டனிஸ்ரனின் வலக்கை

பந்தை வீசாமல் எறிகிறான் என்று சொல்லித்தான் என் மனைவியின் தம்பி டனிஸ்ரனை யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் அணியிலிருந்து நிறுத்தினார்கள். மொன்ட்ரியாலில் அவனை ஓர் அணியில் சேர்த்ததும் அதே எறிக்காகத்தான். பள்ளிக்கூடக் காலத்தில் மூன்று நடுவர்கள் அடுத்தடுத்து அவன் முழங்கை மடிகிறது என்று 'நோ போல்' கொடுத்தார்கள். பதினெட்டு வயதில் பந்தைத் தொடுவதையே விட்டுவிட்டான். 2000ஆம் ஆண்டு, இருபத்துமூன்று வயதில், அகதியாக வந்து எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்தான்.

எங்கள் வீடு என்றால் நகரத்தின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வாடகை வீடு. நான் யோசெப், டக்ஸி ஓட்டுகிறேன். மனைவி இமெல்டா. கூடவே நாங்கள் ஸ்பொன்சர் செய்து எடுத்த மாமி அல்போன்சம்மா, அதாவது டனிஸ்ரனின் தாய். அவனுக்கு வயது கூடிப்போனதால் தாயோடு சேர்த்து எடுக்க முடியவில்லை. தாய்க்கு இந்த நாட்டில் இருக்க உரிமை இருந்தது, மகனுக்கு ஒரு விசாரணைத் திகதி மட்டும் இருந்தது.

அவன் பேஸ்போலுக்குள் போன கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். இங்கே பால் பையில்தான் விற்பார்கள். 2001 கோடையில் ஒருநாள் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கிக்கொண்டு விளையாட்டுத் திடலுக்கு எதிர்ப்பக்கத்தால் நடந்து வந்திருக்கிறான். உள்ளேயிருந்து அடித்த பந்து வேலிக்கு மேலால் பறந்து வந்து அந்தப் பையில் விழுந்து வெடித்தது. தலை முதல் கால்வரை பால். பொல்லாத கோபம் வந்து, பந்தைப் பொறுக்கி வந்த வழிக்கே திருப்பி எறிந்தான். அது தெருவைத் தாண்டி, வேலியைத் தாண்டி, திடலின் மறுகோடியில் நின்றவனின் கையுறைக்குள் போய் அடங்கியதாம். அணியின் பயிற்சியாளர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து இவன் ஓட்டம் எடுத்தான்.

இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் எங்கள் கதவைத் தட்டினார். தெப்பனர்காரனிடம் விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். கையில் ஒரு பை பால். பெயர் றெஜான். ஐம்பத்தைந்து வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர், ஓய்வு நேரத்தில் அந்த வட்டாரத்து ஆண்கள் அணியை நடத்துபவர். டனிஸ்ரனுக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. அன்று முதல் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் வாய்.

பேஸ்போலில் எல்லாம் பந்தெறிபவனைச் சுற்றித்தான் நடக்கும். ஒரு சின்ன மண்மேட்டில் ஏறி நின்று அவன் எறிவான், எதிரணிக்காரன் அடிக்கப் பார்ப்பான். எந்தக் கையை எங்கள் ஊர் நடுவர்கள் குற்றம் என்றார்களோ அந்தக் கையைப் பார்த்து இங்கே ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்று கோடை அவன் அந்த அணிக்கு எறிந்தான். சம்பளம் கிடையாது. ஆனால் அவன் வேலை செய்த பாண் சுடும் தொழிற்சாலையில் அவனை எண் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், திடலில் 'டானி' என்று கூப்பிட்டார்கள். எந்த ஊர், எப்படி வந்தாய், கேஸ் என்ன மாதிரி என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

2003 செப்டெம்பரில், கடைசி ஆட்டத்தில், அவன் வலது தோளுக்குள் ஏதோ கிழிந்தது. இரண்டு மாதத்தில் அகதிக் கேஸும் விழுந்தது. இலங்கையில் இப்போது யுத்தநிறுத்தம், திரும்பிப் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். மேன்முறையீடும் தள்ளுபடியானது. பெப்ரவரி நடுப்பகுதியில் தோளில் சத்திரசிகிச்சை செய்தார்கள். கையைக் கழுத்தோடு தொங்கவிடும் பட்டியை ஆறு வாரம் கழற்றக்கூடாது, ஒரு வருடத்துக்குப் பந்து எறியக்கூடாது, மீறினால் அந்தத் தோளை இன்னொரு முறை தைக்க முடியாது என்றார் டொக்டர். அதை மொழிபெயர்த்ததே நான்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வழி. மனிதாபிமான அடிப்படையில் ஒரு மனு. இந்த மண்ணில் இவன் வேர் விட்டுவிட்டான், பிடுங்காதீர்கள் என்று அதிகாரிகளுக்குக் காட்டவேண்டும். சட்டத்தரணி எங்கள் பங்குச் சுவாமியின் கடிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தமிழர் தமிழருக்குக் கொடுக்கும் கடிதம் எடுபடாது என்றார். கை போனதோடு தொழிற்சாலை வேலையும் போயிருந்ததால் அங்கேயும் கேட்க முடியவில்லை. பேஸ்போல் என்று சொன்னதும்தான் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த வருடமும் அவரை அணியில் சேர்த்திருக்கிறோம், அவர் எங்களுக்குத் தேவை என்று ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். மே முதல் வாரத்துக்குள் வேண்டும். அதற்குப் பிறகு நாடுகடத்தும் திகதி வந்துவிடும்."

காரில் ஏறியதும் டனிஸ்ரன் என்னிடம் சத்தியம் வாங்கினான்.

"அத்தான், கேஸ் விசயம் றெஜானுக்குத் தெரியக்கூடாது."

"தெரியாமல் எப்பிடியடா கடிதம் கேக்கிறது?"

"முதல்ல ரீமில சேருவம். சேந்தாப் பேந்து வேலைக்குக் காட்ட எண்டு சொல்லிக் கடிதம் கேக்கலாம். கேஸ் விழுந்தவன் எண்டு அங்க ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். அந்த ஒரு இடமாவது எனக்கு இருக்கட்டும்."

நான் சத்தியம் பண்ணினேன். என்னைக் கேட்டால், எங்கள் ஆட்கள் வீட்டில் காசநோய் என்றாலும் சொல்வார்கள், கேஸ் விழுந்தது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கல்யாணம் குழம்பும், வீட்டுக்காரன் ஒருமாதிரிப் பார்ப்பான், யாராவது ஒரு வெள்ளைக்காரன் இமிகிரேஷனுக்குப் போன் பண்ணிவிடுவான். இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் என் புத்தியும் அந்த வட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இதற்குள் மாமி தன் பங்கைச் செய்தார். மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். மலைமேல் இருக்கும் சூசையப்பர் கோயில் மொன்ட்ரியாலில் எல்லோருக்கும் தெரிந்த இடம். சுகமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் உள்ளே வரிசை வரிசையாகத் தொங்கும். மாமி ஒன்பது நாள் செபித்து நவநாள் வைத்து, திருநாளன்று அந்த நீண்ட மரப்படிகளில் முழங்காலால் ஏறினார். ஓரங்களில் பனி இறுகிக் கிடந்தது. மேலே போனதும் மகனைக் கூப்பிட்டு, கழுத்திலிருந்த பட்டியைக் கழற்றி, காவலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஓர் ஊன்றுகோலில் மாட்டிவிட்டார். சத்திரசிகிச்சை முடிந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

"மாமி, சுகமானாப் பிறகுதானே வைக்கிறது?" என்று கேட்டேன்.

"சுகமாக்கினா வைக்கிறன் எண்டு சொல்லுறது வியாபாரம், தம்பி. முதலே வைச்சாத்தான் விசுவாசம்."

 தன் முழங்கால் தோல் உரிந்து நிற்கும் ஒரு தாயிடம் டொக்டர் சொன்னதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து கோயிலின் கீழ் மண்டபத்தில் செபக்கூட்டம். மாமி எழுந்து சாட்சியம் சொன்னார். என் மகனின் கையைச் சூசையப்பர் சுகமாக்கினார் என்றார். அழுதார். மண்டபமே சேர்ந்து அழுதது. தேத்தண்ணி குடிக்கும்போது தேவதாசன் என்ற கிழவர் டனிஸ்ரனிடம் வந்து, "எங்க தம்பி, ஒருக்காக் கையைத் தூக்கிக் காட்டும்" என்றார். அவன் சிரித்துக்கொண்டே தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். எல்லோரும் இறைவனைப் புகழ்ந்தார்கள். அவன் காதோரத்தில் வியர்வை வடிந்ததை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவனுக்குக் கை நோகும் உரிமை போய்விட்டது. வேறு பட்டி வாங்கிப் போட முடியாது, கோயிலில் யாராவது காண்பார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கும் போவதை நிறுத்தினான். சாப்பிடும்போது இடக்கையால் வலக்கையின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டான், தாய் திரும்பினால் விட்டுவிடுவான்.

"டொக்டரிட்டப் போவம் வா" என்றேன்.

"அம்மா முழங்கால்ல ஏறினவ, அத்தான். நோகுது எண்டு நான் சொன்னா சனம் அவவை என்னெண்டு பாக்கும்?"

"சனத்தை விடு. உன்ர கையடா அது."

"திருப்பி அனுப்பினாங்கள் எண்டா இந்தக் கையை வைச்சு நான் என்ன செய்ய?"

ஏப்ரல் மூன்றாவது வாரம் றெஜான் வீட்டுக்கு வந்தார். குசினி மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி நிலைமையை விளக்கினார். அணியின் பெயர்ப்பட்டியல் மே முதலாம் திகதி பூட்டப்படும், பிறகு ஒருவரையும் மாற்ற முடியாது. பந்தெறிபவர்களுக்கு இரண்டு இடம். ஒன்று ஒரு ஹெயிற்றி நாட்டுப் பெடியனுக்கு. மற்ற இடத்துக்குத்தான் அணிக்குள் இழுபறி. டானி இல்லாவிட்டால் போன வருடம் அரையிறுதிக்கே வந்திருக்க மாட்டோம், அவனைத்தான் சேர்க்கவேண்டும் என்று பாதிப்பேர். சத்திரசிகிச்சை செய்த தோளை நம்பி இடத்தைக் கொடுத்து, ஜூனில் அது போய்விட்டால் கோடை முழுக்க ஒருவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மீதிப்பேர்.

"எனக்கு ஆட்டம் இரண்டாவது" என்றார் றெஜான். "முதலில் தோள் எப்படி இருக்கிறது என்று கேள்."

நான் கேட்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "சூசையப்பர் சுகமாக்கிப்போட்டார் எண்டு சொல்லுங்கோ தம்பி."

அப்படியே சொன்னேன். றெஜான் சிரிக்கவில்லை. தன் தாயும் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். பிறகு டனிஸ்ரனை நெடுநேரம் பார்த்தார். "சனிக்கிழமை திடலுக்கு வா. பத்துப் பந்து எறி. பார்ப்போம்."

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே, எப்போதும் கேட்பதுபோல, என்னிடம் கேட்டார். "உங்களுக்கு வேறு ஏதாவது உதவி வேண்டுமா? வெட்கப்படாமல் சொல்லுங்கள்."

டனிஸ்ரன் என்னைப் பார்த்தான். நான், "மெர்சி, ஒன்றும் வேண்டாம்" என்றேன்.

சனிக்கிழமை வெயில் இருந்தும் குளிர் விடவில்லை. வேலி மூலையில் கறுத்த பனிக்குவியல் இன்னும் கரையாமல் கிடந்தது. அணிக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் ஓரமாக நின்றார்கள். டனிஸ்ரன் தன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு மண்மேட்டில் ஏறினான். எங்களுக்குப் பின்னால் மர வாங்கில் இமெல்டாவும், கையில் செபமாலையோடு மாமியும்.

முதல் மூன்று பந்தும் மெதுவாகப் போயின. நாலாவது வேகமாகப் போனது, ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஐந்தாவது பந்துக்குப் பிறகு றெஜான் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உடம்பால் தள்ளுகிறான். கை எறியவில்லை" என்றார் என்னிடம். "வலிக்கிறதா என்று கேள்."

இருவரும் மேட்டுக்குப் போனோம்.

"நோகுதோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

"நோகேல்லை எண்டு சொல்லுங்கோ."

"டனிஸ்ரன், இப்ப நான் கேக்கிறன். நோகுதோ?"

அவன் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நோகுது அத்தான். பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"விடு. வீட்டை போவம்."

"கடிதம்?"

நான் றெஜானை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் அஞ்சு பந்துதான். அவருக்கு நோகேல்லை எண்டு சொல்லுங்கோ."

றெஜான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஒரு வார்த்தைப் பதிலுக்கு இவ்வளவு பேச்சுத் தேவையில்லை என்று எந்த மனிதனுக்கும் தெரியும். நான் அவர் கண்ணைப் பார்த்து, "வலிக்கவில்லையாம்" என்றேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில், நீதிமன்றத்தில், பள்ளிக்கூடத்தில். பொய்யாகச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

ஆறாவது, ஏழாவது. எட்டாவது பந்து அவன் கையை விட்டுப் போகும்போது பழைய சீலை கிழிவதுபோல ஒரு சத்தம் எனக்கே கேட்டது. பந்து பக்கவாட்டில் உருண்டது. அவன் முழங்காலில் விழுந்தான். கத்தவில்லை. வலக்கை அவனுடையது இல்லை என்பதுபோல மண்ணில் கிடந்தது. மாமி செபமாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

றெஜானின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவனை உள்ளே கொண்டுபோன பிறகு நானும் அவரும் காத்திருக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பத்துப் பந்தும் நன்றாகப் போயிருந்தாலும் இந்த வருடம் நான் அவனைச் சேர்த்திருக்க மாட்டேன். ஒரு வருடம் ஓய்வெடு, அடுத்த வருடம் உன் இடம் உனக்குத்தான் என்று சொல்லவே கூப்பிட்டேன். நேரே வேண்டாம் என்றால் மனம் உடைந்துவிடுவான் என்று நினைத்தேன். சும்மா மெதுவாக நாலு பந்து எறிவான் என்று நினைத்தேன்." தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் எறிந்தான்? வலிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை?"

சத்தியத்தை இனிக் காப்பாற்றி என்ன செய்ய? எல்லாவற்றையும் சொன்னேன். கேஸ் விழுந்தது, சட்டத்தரணி சொன்னது, மே முதல் வாரம், கடிதம்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "கடிதமா?" என்றார். "ஒரு கடிதமா?"

"ஓம்."

"பெப்ரவரியில் கேட்டிருந்தால் பெப்ரவரியிலேயே எழுதித் தந்திருப்பேனே. அதற்கு அவன் ஒரு பந்தும் எறியத் தேவையில்லையே. உன் வாசலில் நின்று கேட்டேன், யோசெப். என்ன உதவி வேண்டும் என்று உன்னிடம்தான் கேட்டேன்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. எழுந்து போய்த் தாதியிடம் இரண்டு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, முழங்காலில் ஒரு சஞ்சிகையை வைத்து எழுதத் தொடங்கினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த அணியில் பந்தெறிபவர் இவர், இவருக்குப் பதில் எங்களுக்கு வேறு ஆள் வேண்டாம், நான் இந்த அணியை நடத்தும் காலம்வரை இவர் இடம் இவருடையது என்று எழுதியிருந்தது.

அந்தக் கடிதம் பொய்யாக இருக்கக்கூடாது என்று அவர் இன்னொன்றும் செய்தார். மே முதலாம் திகதி பூட்டிய பட்டியலில் இரண்டாவது இடத்தில் டனிஸ்ரனின் பெயரையே போட்டார். இனி ஒருநாளும் பந்து எறியப்போவதில்லை என்று டொக்டர் சொல்லிவிட்ட ஒருவனை, தெரிந்துகொண்டே, ஓர் அணி சேர்த்தது. அந்தக் கோடையில் அந்த ஹெயிற்றிப் பெடியன் ஒருவனே எறிந்து எறிந்து களைத்தான். பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றார்கள். சேர்க்கவேண்டாம் என்று முதலில் சொன்னவர்கள்கூட டனிஸ்ரனின் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லவில்லை. அவன் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போய் அந்தச் சட்டையோடு வாங்கில் இருந்தான்.

நாடுகடத்தும் திகதி வரவில்லை. இரண்டு வருடம் ஒவ்வொரு கடித உறையையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிரித்தோம். 2006இல் அந்த மனு ஏற்கப்பட்டது. தான் கேட்டதைச் சூசையப்பர் தந்துவிட்டார், மகன் தன் பக்கத்தில் இருக்கிறான் என்கிறார் மாமி. கையைப் பற்றி அவர் பேசுவதில்லை. பட்டி இன்னும் அந்த ஊன்றுகோலில் தொங்குகிறதோ, யாராவது எடுத்து எறிந்துவிட்டார்களோ தெரியாது, நான் போய்ப் பார்க்கவில்லை.

2009 இலையுதிர் காலத்தில் டனிஸ்ரனுக்குப் பிரஜாவுரிமை வைபவம். அப்போது அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவுப் பணியாளன், இடக்கையால் வேலை செய்யப் பழகியிருந்தான், பிரெஞ்சும் நன்றாக வந்துவிட்டது. நானும் றெஜானும் பின்வரிசையில் இருந்தோம். எல்லோரும் எழுந்து நின்று வலக்கையை உயர்த்துங்கள் என்றார் நீதிபதி. மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன.

அவன் வலக்கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது என்று எனக்குத் தெரியும். இடக்கையை உயர்த்துவான் என்று நினைத்தேன். அவன் இடக்கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்து, அதை ஒரு சாமானைத் தூக்குவதுபோல மேலே தூக்கினான். பின்னங்கழுத்து நரம்பு புடைத்தது. தோளுக்கு மேல், காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

உறுதிமொழி தொடங்குவதற்கு முன் ஓரத்தில் நின்ற ஓர் அலுவலர், நடுத்தர வயதுப் பெண், அவனிடம் நெருங்கி வந்தார். "ஐயா, உங்களுக்கு வலிக்கிறதா?"

எங்களுக்கு இரண்டு வரிசைக்கு முன்னால்தான் அவன் நின்றான், எனக்குக் கேட்டது. றெஜானுக்கும் கேட்டிருக்கும், அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"ஓம், வலிக்கிறது" என்று டனிஸ்ரன் பிரெஞ்சில் தானே சொன்னான். கையை இறக்கவில்லை.